பேசாவளிப் பரிசோதனை

கோதண்டபாணிக்கு அந்த உத்தியோகம் கிடைத்ததற்கு அவனுடைய கையெழுத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது. முத்துக் கோத்தாற்போல் எழுதுவான். என்ன எழுத வேண்டும் என்று அவன் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டவர்களும் சொல்லவில்லை. யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ராயப்பேட்டையில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் எந்த வேலை கிடைத்தாலும் முதலில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, பிறகுதான் மற்றதை யோசிப்பான்.

நாற்காலி மயிலாப்பூரில், லஸ்ஸுக்கு அருகே ஒரு சந்தில், மாடியறையில் இருந்தது. வாசலில் ஒரு பலகை: "பண்டிகை உபசார வாசக சபை – விழாநாள் முகமன் சொல்லாக்கக் கழகம்." இரண்டும் ஒரே ஸ்தாபனம்தான். தலைவர் ராவ் பகதூருக்கு வடமொழியில் பிரியம். காரியதரிசி வித்வானுக்குத் தனித்தமிழில் பிடிவாதம். பெயரை முடிவு செய்ய ஏழு கூட்டங்கள் நடந்தன. ஏழாவது கூட்டத்தில் பலகையை நீளமாகச் செய்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. நீளமான பலகை ஜன்னலை மறைத்துவிட்டது. அதனால் கோதண்டபாணி பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதினான்.

சபையின் நோக்கம் உயர்ந்தது. பண்டிகை நாட்களில் எதிர்ப்படுகிறவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ஜனங்கள் விழிக்கிறார்கள். துக்க வீட்டுக்காரரிடம் "தீபாவளி ஆச்சா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. பல்லைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பண்டிகை போய்ப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் வாழ்த்துவதா விடுவதா என்று திணறுகிறார்கள். இப்படிப்பட்ட சங்கடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுச்சொல் செய்து நாட்டுக்கு அளிப்பது என்று ராவ் பகதூர் தீர்மானித்திருந்தார். அவர் இருபத்தாறு வருஷம் ஜில்லா கோர்ட்டில் தீர்ப்புச் சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய வீட்டில் யாரும் அவரிடம் தீர்ப்புக் கேட்கவில்லை.

சொற்கள் பிறந்தன. பண்டிகை முடிந்த பிறகு சொல்வது "போனாவளி". முன்கூட்டியே சொல்வது "வாராவளி". பெயர் மறந்தவருக்கு "யாராவளி". துக்கத்தால் பண்டிகை இல்லாத வீட்டாருக்கு "இல்லாவளி". பேச்சுவார்த்தை இல்லாதவர் எதிரே வந்துவிட்டால் "பேசாவளி".

இதில் வித்வானுக்கு ஓர் ஆட்சேபம். "தீபாவளியில் உள்ள 'ஆவளி' வடசொல். வரிசை என்று பொருள். ஆகவே 'இல்வரிசை', 'பேசாவரிசை' என்றே இருத்தல் வேண்டும்" என்றார். நான்கு மாதம் சபை இந்த இடத்தில் நின்றது. கோதண்டபாணி இரு தரப்பு வாதத்தையும் நூற்றுப்பன்னிரண்டு பக்கம் எழுதினான். கடைசியில் வித்வானே வழி கண்டுபிடித்தார். "வளி என்றால் காற்று. தூய தமிழ். அப்பொருளில் கொள்வதானால் எமக்குத் தடையில்லை." அன்று முதல் ஒரே சொல்லில் தலைவர் வரிசையையும் காரியதரிசி காற்றையும் வைத்துக்கொண்டார்கள்.

மற்ற மதத்தாரையும் விட்டுவிடக் கூடாது என்று ஒரு நாள் ராவ் பகதூருக்குத் தோன்றியது. சபையின் நடவடிக்கைப் புத்தகங்களுக்கு பைண்டிங் செய்கிற ஷரஃபுதீன் கோதண்டபாணியின் பக்கத்துத் தெருக்காரர். புத்தகம் கொண்டுவந்தவரை அப்படியே நாற்காலியில் உட்கார வைத்து விசாரணை ஆரம்பித்துவிட்டார்கள்.

"ரம்ஜான் பண்டிகையன்று ஒருவரையொருவர் கண்டால் என்ன செய்வீர்?" என்றார் ராவ் பகதூர்.

"ஈத் முபாரக்னு சொல்லுவோம் சார். மூணு தபா கட்டிப் புடிச்சுக்குவோம். அப்பால சேமியா சாப்டுவோம்."

"சங்கடம் எந்தத் தழுவலில் ஏற்படுகிறது? முதலாவதிலா, மூன்றாவதிலா?"

ஷரஃபுதீன் கோதண்டபாணியைப் பார்த்தார். கோதண்டபாணி மைக்கூட்டைப் பார்த்தான்.

"சங்கடம்னு ஒண்ணும் இல்லீங்களே."

"யோசித்துச் சொல்லும். பேச்சில்லாத விரோதி ஒருவன் எதிரே வந்தால்?"

"அவனத்தான் சார் முதல்ல புடிப்போம். அதுக்குத்தானே பண்டிகை வருது?"

சாட்சியை அனுப்பிவிட்டு ராவ் பகதூர் குறிப்பு எழுதச் சொன்னார்: "முஸ்லிம் பிரிவினரிடையே சங்கடம் போதிய வளர்ச்சி அடையவில்லை. இத்துறையில் அவர்களுக்குச் சபை ஆவன செய்யும்."

புரட்டாசிக் கடைசியில் தி. நகரில் ஒரு மண்டபத்தில் ஆண்டு விழா நடந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் காபி உண்டு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். சர்க்கரை ரேஷன் ஆனதால் காபி ரத்தாகியிருந்த விஷயம் கதவைச் சாத்திய பிறகுதான் தெரிந்தது.

"அரிசி இல்லை என்கிறார்கள், துணி இல்லை என்கிறார்கள்," என்று ராவ் பகதூர் முழங்கினார். "நான் கேட்கிறேன், போன வருஷம் நம்மிடம் 'போனாவளி' இருந்ததா? இன்று இருக்கிறது! நான் எவருக்கும் பண்டிகை வாழ்த்துச் சொல்லி முப்பது வருஷம் ஆகிறது. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு எவ்விதப் பாரபட்சமும் கிடையாது."

வித்வான் எழுந்தார். "மக்கள் மொழியை மக்களிடமே விட்டுவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டு, சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பேசிவிடுவார்கள்!" என்றார். கைதட்டல் எழுந்தது.

அந்தக் கூட்டத்தில்தான், தீபாவளியன்று காலையில் புதுச்சொற்களைப் பொதுஜனங்களிடம் பரிசோதனை செய்து பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. சொல்லிப் பார்க்கிறவன் கோதண்டபாணி. மேற்பார்வை தலைவரும் காரியதரிசியும். பரிசோதனை ஒழுங்காக நடந்தால் அவனுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும்.

"பேசாவளிக்கு அசல் ஆள் வேண்டும்," என்றார் வித்வான் மறுநாள். "உண்மையாகவே பேச்சில்லாத ஒருவர். உமக்குத் தெரிந்து யாரும் உளரோ?"

கோதண்டபாணி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "என் மச்சான் ஒருத்தர் இருக்கிறாருங்க," என்று சொல்லிவிட்டான்.

மச்சான் என்றால் மனைவி செண்பகத்தின் அண்ணன் பஞ்சாட்சரம். கோடம்பாக்கம் ஸ்டூடியோவில் தச்சு வேலை. சிம்மாசனம், தேர், அரண்மனைத் தூண் எல்லாம் செய்கிறவன். போன தீபாவளிக்குத் தங்கைக்குச் சீராக ஒரு நாற்காலியைத் தன் கையாலேயே செய்து கொண்டுவந்தான். கோதண்டபாணி அதில் உட்கார்ந்தான். நாற்காலியின் ஒரு கால் கழன்று, அவன் தரையில் விழுந்தான். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டவன், தெருவே வேடிக்கை பார்க்கும்போது, "சினிமா நாற்காலி மச்சான், கேமரா முன்னாடிதான் நிக்கும்போல," என்றான். தெரு சிரித்தது. பஞ்சாட்சரம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான், பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. குழாயடியில் பார்த்தால் இவன் வானத்தைப் பார்ப்பான், அவன் குழாயைப் பார்ப்பான்.

அதற்குப் பிறகு செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு எட்டு மாதமாகிவிட்டது. காது குத்த வேண்டும். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். "உன் வாயால கெட்ட காரியம். நீயே போய்ச் சரி பண்ணு. தீபாவளிக்குள்ள எங்க அண்ணன் இந்த வூட்ல சாப்பிடணும். இல்லாங்காட்டி, நான் கொழந்தயத் தூக்கிக்கினு அங்க போயிடுவேன்," என்று செண்பகம் கெடு வைத்திருந்தாள். கோதண்டபாணியும் அந்த ஞாயிற்றுக்கிழமையே போவதாக ஒப்புக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு காலமாகப் பேச்சில்லை?" என்று ராவ் பகதூர் ஆவலோடு கேட்டார்.

"ஒரு வருஷம் ஆகப்போகுதுங்க. இந்த ஞாயித்துக்கிழமை போய்ப் பேசிடலாம்னு…"

"ஓய்! அசம்பாவிதமாக ஒன்றும் செய்துவிடாதேயும்! ஒரு வருஷத்து விரோதம். அதைக் கெடுத்துவிட்டால் நான் வேறு எங்கே போவேன்?"

அன்று மாலையே அவனுக்கு எழுத்து மூலமாக உத்தரவு வந்தது. அதை அவனே நல்ல எழுத்தில் பிரதி எடுத்தான்: "மேற்படி குமாஸ்தா தீபாவளி காலை வரை மேற்படி மைத்துனருடன் எவ்விதச் சமாதானத்திலும் ஈடுபடலாகாது. பார்வையில் கனிவு காட்டுவதும் இதில் அடங்கும்."

செண்பகம் உத்தரவைக் கேட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்தாயா, அவங்க உனக்கு சோறு போடறாங்களா, சூனியம் வெக்கறாங்களா?"

"பர்மனென்ட் ஆயிடும் செம்பகம். தீவாளி வரைக்கும்தானே. அன்னிக்குப் போய் அவரண்ட ஒரு வார்த்தை சொல்லப்போறேன்."

"இன்னா வார்த்தை?"

அவன் சொன்னான். செண்பகம் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீயும் போயேன், உன் வார்த்தையும் போயேன்," என்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

தீபாவளியன்று காலை எட்டு மணிக்கெல்லாம் ராவ் பகதூரும் வித்வானும் கோதண்டபாணியின் வீட்டு வாசலில் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். தலைவர் சரிகைத் தலைப்பாகையும் கோட்டும் அணிந்திருந்தார். காரியதரிசியின் கையில் கையேடும் பென்சிலும். கையேட்டின்படி, வாழ்த்துகிறவன் வலது கையை மார்பில் வைத்து, இடது காலை அரை அடி பின்னால் வாங்கி, மூன்று எண்ணிவிட்டுச் சொல்லைச் சொல்ல வேண்டும். பதில் பதிவாகும் வரை வேறு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

முதலில் "யாராவளி". ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு பெரியவர் வந்தார். கோதண்டபாணிக்குப் பார்த்த முகம், பெயர் வரவில்லை. மார்பில் கை வைத்து, பின்வாங்கி, சொன்னான். பெரியவர் முகமெல்லாம் மலர, "ஆமா, ஆமா, மழை வரும்போலத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் காது கேட்காது என்று வெற்றிலைக் கடைக்காரன் சொன்னான். "முழு வெற்றி" என்று வித்வான் குறித்துக்கொண்டார்.

அடுத்தது "இல்லாவளி". நொச்சிக்குப்பத்துத் தாயம்மா கோதண்டபாணி வீட்டுக்கு வழக்கமாக மீன் கொடுக்கிறவள். ஆடியில் அவளுடைய மாமியார் தவறிப்போனாள். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் தீபாவளி கிடையாது. ரோட்டோரமாகக் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி நின்றது. கோதண்டபாணி இறங்கி, மார்பில் கையை வைத்துக் காலைப் பின்னால் வாங்கினான்.

"தாயம்மாக்கா, இல்லாவளி!"

"இன்னாது?"

"இல்லாவளி!"

"யாருடா இல்லாதவ?" தாயம்மா எழுந்துவிட்டாள். "எனக்கு இன்னாடா இல்ல? வூடு கீது, வல கீது, கட்டுமரம் கீது, மூணு ஆம்பளப் புள்ள கீது. நல்ல நாளும் அதுவுமா வந்து என்னிய இல்லாதவன்றியே, உங்கிட்ட இன்னாடா கீது?"

விதிப்படி கோதண்டபாணி பதில் பேசவில்லை. வித்வான் முன்வந்தார்.

"அம்மையே, சினம் வேண்டா. வளி என்பது காற்று. இல்லா வளி எனில், காற்று இல்லாத…"

"காத்து இல்லியா?" தாயம்மாவின் குரல் குப்பம் முழுக்கக் கேட்டது. "காத்து இல்லாங்காட்டி கட்டுமரம் எப்பிடியா கர வந்து சேரும்? எம் புள்ளைங்க மூணும் கடலுக்குள்ள கீறானுங்க. காத்து இல்லாம போவணும்னு வண்டி கட்டிக்கினு வந்து சாபம் வுடறியா?"

மீன் கழுவிய தண்ணீர் ஒரு சட்டி நிறைய இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் அது வித்வானின் ஜிப்பாவிலும் கையேட்டிலும் இருந்தது. வண்டியிலிருந்தபடியே ராவ் பகதூர், "நீர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளும்," என்றார்.

கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. வித்வான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சமயம் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அக்கா, கோவிச்சுக்காதக்கா. ஆயா போனதுலருந்து உங்க வூட்ல பண்டிக இல்லியே, அத்தக் கேக்கத்தான் வந்தேன்."

தாயம்மா அவனையே பார்த்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அத்தக் கேக்கறதுக்கு இன்னாத்துக்குடா ஒரு அடி பின்னால போன?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.

வண்டி ராயப்பேட்டைக்குத் திரும்பும் வழியெல்லாம் கோதண்டபாணி தன் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பஞ்சாட்சரத்தின் வீட்டு வாசலில் ஊசிப்பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளிருந்து எண்ணெய் வாசனை வந்தது. பஞ்சாட்சரம் புது வேட்டியோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். குதிரை வண்டியைப் பார்த்தான். அதிலிருந்து இறங்கிய தலைப்பாகையைப் பார்த்தான். மீன் நாற்றத்தோடு ஒரு ஜிப்பா இறங்குவதைப் பார்த்தான். கடைசியாகக் கோதண்டபாணி இறங்கியதும் வானத்தைப் பார்த்தான். தெருக்கோடியில் செண்பகம் குழந்தையோடு நின்றுகொண்டிருந்ததைக் கோதண்டபாணி அப்போதுதான் கவனித்தான். வேடிக்கை பார்க்க வந்தாளா, கெடு முடிந்து மூட்டையோடு வந்தாளா என்று அங்கிருந்து தெரியவில்லை.

கோதண்டபாணி கையை மார்பில் வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

"பேசாவளி."

பஞ்சாட்சரம் வானத்திலிருந்து பார்வையை இறக்கினான். இறக்கி, உள்ளே திரும்பி, மனைவியைக் கூப்பிட்டான்.

"சொர்ணம்! இங்க வந்து கேளு. ஒரு வருஷம் கழிச்சு வாசலுக்கு வந்து 'பேசாத'ன்றாங்க. நான் இன்னா பேசிக்கினா கீறேன்? அதான் பேசாமதானே குந்திக்கினு கீறேன்!"

"பேசாதே என்பதன்று பொருள்," என்றார் வித்வான் ஈரக் கையேட்டைப் பிரித்துக்கொண்டே. "நீர் இதற்கு எதிர்மொழியாகப் 'பேசியாவளி' எனல் வேண்டும். வலக்கையை மார்பில்…"

ராவ் பகதூர் அவரை விலக்கிவிட்டு வாசல்படிக்கே வந்துவிட்டார். கோர்ட்டில் சாட்சிக் கூண்டைப் பார்த்து நிற்பதுபோல நின்றார். "இதோ பாரும். இந்த ஆசாமிக்கும் உமக்கும் விரோதம் உண்டா இல்லையா? உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும். உண்டு என்றால் எவ்வளவு? அச்சொல்லைக் கேட்டபின் அது கூடிற்றா, குறைந்ததா? குறையவில்லையானால் இரண்டாம் முறையும் சொல்லச் சொல்கிறேன். எங்களிடம் நேரம் இருக்கிறது. உம்முடைய கோபத்தை நாங்கள் வெகு சிரமப்பட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறோம்!"

பஞ்சாட்சரம் தலைப்பாகையிலிருந்து செருப்பு வரை அவரை ஒரு தடவை அளந்தான். இந்த மாதிரி தலைப்பாகைகளை அவன் ஸ்டூடியோவில் தினமும் பார்க்கிறவன். பிறகு கோதண்டபாணியின் பக்கம் திரும்பினான்.

"மாப்ள, யாரு இவங்கல்லாம்?"

கோதண்டபாணிக்குக் காதில் விழுந்தது முதலில் கேள்வி அல்ல. "மாப்ள" என்ற வார்த்தைதான் விழுந்தது. ஒரு வருஷமாக அவனை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

"பதில் கூறலாகாது!" என்று வித்வான் பென்சிலைத் தூக்கினார். "எதிர்மொழி இன்னும் பதிவாகவில்லை!"

"இப்போது வாயைத் திறந்தால் பரிசோதனை ரத்து," என்றார் ராவ் பகதூர். "உம்முடைய உத்தியோகமும் ரத்து. ஞாபகம் இருக்கட்டும்."

கோதண்டபாணி மார்பிலிருந்து கையை எடுத்தான். பின்னால் வைத்திருந்த காலை முன்னால் வைத்தான். அப்படியே இன்னும் இரண்டு அடி வைத்து வாசல்படிக்குப் போய்விட்டான்.

"என் ஆபீசு மச்சான்."

"இதுவா? இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

"ஆமா மச்சான். அதுவும் டெம்பரவரி." படியில் ஒரு காலை வைத்தான். "மச்சான், அன்னிக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. தெருவே பாத்துக்கினு இருக்கும்போது… உன் கைவேலையப் போய்… எனக்கு வாய்க் கொழுப்பு."

பஞ்சாட்சரம் வேட்டி நுனியைத் திருகினான். "வாய்க் கொழுப்புதான்," என்றான். கொஞ்சம் கழித்து, "அந்தக் காலுக்கு ஆணி பத்தல. எனக்கே தெரியும். ஸ்டூடியோவுல ஆணிக்குக் கூட ரேஷன். அத்தச் சொல்லக் கூச்சப்பட்டுக்கினு நான் எழுந்து போயிட்டேன்," என்றான்.

அதற்குள் செண்பகம் வந்துவிட்டாள். அவள் எந்த முறையையும் அனுசரிக்கவில்லை. நேராகப் போய்க் குழந்தையை அண்ணன் மடியில் போட்டாள். குழந்தை புதுவேட்டியை நனைத்தது. பஞ்சாட்சரம் அதன் காதுமடலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "இம்மாம் சின்னக் காதா? இதுல எங்கம்மா குத்துறது?" என்றான்.

சொர்ணம் அதிரசத் தட்டோடு வெளியே வந்தாள். வந்தவர்கள் என்றால் அவளுக்கு எல்லாரும் வந்தவர்கள்தான். தட்டை முதலில் மீன் நாற்றம் வீசிய ஜிப்பாவிடம் நீட்டினாள். வித்வான் கையேட்டைப் புரட்டினார். பரிசோதனைக்கு உள்ளானவர் பலகாரம் நீட்டினால் என்ன சொல்வது என்று அதில் இல்லை. அவர் விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தலைவரைத் திரும்பிப் பார்க்காமல் ஒன்றை எடுத்துக் கடித்தார். இரண்டாவதையும் எடுத்தார்.

"இது தீர்மானம் இல்லாத காரியம்," என்று சொல்லிவிட்டு ராவ் பகதூர் வண்டியில் ஏறிக்கொண்டார். வித்வான் மூன்றாவது அதிரசத்தோடு பின்னால் ஓடினார்.

தீபாவளி முடிந்த நாலாம் நாள் கோதண்டபாணி லஸ்ஸுக்குப் போனான். பரிசோதனை அறிக்கை தயாராக இருந்தது. பிரதி எடுக்க அவன்தான் வேண்டும். விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதினான்:

"பேசாவளி: தோல்வி. சொல் வேலை செய்வதற்கு முன்பே சம்பந்தப்பட்டவர்கள் பேசிவிட்டபடியால் அதற்கு அவசியம் ஏற்படவில்லை. அடுத்த ஆண்டு உறுதியான விரோதம் உள்ளவர்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒழுங்கீனமாகச் சமாதானமடைந்த குமாஸ்தாவைச் சபை இன்றோடு விலக்குகிறது."

கடைசி வரியில் ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்தான். விலக்கு உத்தரவைத் தனியாக ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, தன் பெயரைக் குண்டு எழுத்தில் எழுதி, தபால் புத்தகத்தில் பதிவு செய்தான். பிறகு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்து, உறையை வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டான்.

"கையெழுத்து நன்றாயிருக்கிறது," என்றார் ராவ் பகதூர்.

அவன் படியிறங்கி வெளியே வந்தான். சந்து முனையில் பஞ்சாட்சரம் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்டூடியோவில் மரச் சாமான் வரவைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம்.

"இன்னா மாப்ள, ஆச்சா?"

"ஆச்சு மச்சான்."

"குந்து."

கோதண்டபாணி பின்னால் ஏறி உட்கார்ந்தான். உறையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கேரியர் கம்பி தொடையில் குத்தியது. உறையை மடித்து அடியில் வைத்துக்கொண்டான்.